மக்காபியா: பெயரும் பின்னணியும்

அரபு நாளிதழொன்றின் விளையாட்டுப் பக்கத்தை வகுப்பில் வாசிப்புப் பயிற்சிக்காக எடுத்துக்கொண்டிருந்த நாளொன்றில், 'அல்-அல்ஆபுல் மக்காபிய்யா' என்னும் சொற்றொடரில் மாணவர் ஒருவர் தடைப்பட்டு நின்றார். "ஹஜ்ரத், இது மக்காவில் நடைபெறும் விளையாட்டா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. அருகிலிருந்த மற்றொரு மாணவர் உறுதியான குரலில், "இல்லை, அது யூதர்களின் இரகசியக் கூட்டம், விளையாட்டு என்பது வெளிப்பேச்சு" என்றார். இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

எனக்குக் கவலை தந்தது இரண்டாவது விடைதான். முதல் மாணவருக்குத் தெரியவில்லை, ஆகவே கேட்டார். இரண்டாமவருக்குத் தெரியாது என்பதே தெரியவில்லை. பல்லாயிரம் பேர் கூடி, தொலைக்காட்சியில் ஒளிபரப்பப்பட்டு, நாட்டின் அதிபரும் பிரதமரும் வந்தமரும் ஒரு விழாவை 'இரகசியம்' என்று நம்பும் மனநிலை, நம்மைப் பிறர் ஏமாற்றுவதற்கு முன்பே நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளும் மனநிலையாகும். ஃபலஸ்தீன மக்களின் துயரத்தைப் பற்றி நாள்தோறும் பேசும் நாம், அத்துயரத்தின் மறுமுனையில் நிற்கும் சமூகத்தைப் பற்றி எவ்வளவு அறிந்திருக்கிறோம்? மக்காபியா என்னும் இவ்விழாவின் வரலாறு அக்கேள்விக்கு விடை காண உதவும் ஒரு சாளரம்.

சுருக்கமாகச் சொன்னால், உலகின் பல நாடுகளிலும் வாழும் யூத விளையாட்டு வீரர்கள் இஸ்ரேலில் கூடி நடத்தும் பன்னாட்டு, பல்துறை விளையாட்டுப் போட்டியே மக்காபியா. ஒலிம்பிக்கைப் போன்று நான்காண்டுகளுக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஒலிம்பிக்கிற்கு அடுத்த ஆண்டில் நடைபெறுகிறது. பங்குகொள்வோரின் எண்ணிக்கையைக் கொண்டு பார்த்தால் உலகின் மிகப் பெரிய விளையாட்டு விழாக்களுள் ஒன்று.

பெயரின் வேர்

மக்கா என்னும் திருநகரின் பெயருக்கும் மக்காபியாவுக்கும் தொடர்பு எதுவுமில்லை. கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த யூதா என்னும் போர்த்தலைவனின் பட்டப்பெயரே 'மக்காபி'. அதன் பொருள் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. 'சுத்தியல்' என்று பொருள்படும் அரமேயச் சொல்லிலிருந்து வந்தது என்பது பலரும் கொள்ளும் கருத்து. அக்கருத்தின்படி அதன் மூலவேர் நூன், காஃப், பே என்பதாகும். அரபு கற்றோருக்கு இவ்வேர் புதிதன்று. துளைத்தல் என்னும் பொருளில் 'நகப' என்ற வினையை நாம் அறிவோம். யஃஜூஜ், மஃஜூஜ் கூட்டத்தார் துல்கர்னைனின் தடுப்புச் சுவரைத் துளைக்க இயலாமற் போனதைக் கூறும் கஹ்ஃப் அத்தியாயத்தின் 97-ஆம் வசனத்தில் இவ்வேரிலிருந்து பிறந்த சொல்லே வருகிறது. செமித்திய மொழிகளின் உறவு இத்தகையது.

யூதா மக்காபியின் காலத்தில் பைத்துல் மக்திஸ் கிரேக்கப் பண்பாட்டில் ஊறிய செலூக்கிய அரசரின் ஆளுகையில் இருந்தது. நான்காம் அந்தியோக்கஸ் என்னும் அரசன் யூதரின் வழிபாட்டையும் ஓய்வுநாள் பேணுதலையும் கத்னாவையும் தடை செய்தான். கி.மு. 167-இல் மத்தத்தியா என்னும் மதகுருவின் குடும்பத்தார் இதனை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். அவருடைய மகனே யூதா. கி.மு. 164-இல் அவர் ஆலயத்தை மீட்டுத் தூய்மைப்படுத்திய நிகழ்ச்சியையே யூதர்கள் இன்றளவும் ஹனுக்கா பண்டிகையாகக் கொண்டாடுகின்றனர். இக்குடும்பத்தார் நிறுவிய அரசமரபு 'ஹஸ்மோனியர்' எனப்பட்டது.

நமது பேரறிஞர் இப்னு கல்தூன் இம்மரபை நன்கறிந்திருந்தார். தமது முகத்திமாவில் யூதரின் மதகுருப் பதவியைப் பற்றி விளக்குமிடத்து, கிரேக்கர் வலிமை குன்றியபோது யூதர் தம் இனப்பிணைப்பாகிய அஸபிய்யாவின் துணையால் அவர்களை எதிர்த்தெழுந்ததையும், ஆட்சி ஹஸ்மோனியக் குருக்களின் கைக்கு வந்ததையும் குறிப்பிடுகிறார். இந்த அஸபிய்யா என்னும் கருத்தை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்; மக்காபியாவை விளங்கிக்கொள்ள அது கைகொடுக்கும்.

ஒரு முரண்

இங்கே கவனிக்கத்தக்க முரண் ஒன்றுண்டு. மக்காபியரின் கிளர்ச்சிக்கு வித்திட்ட காரணங்களுள் ஒன்று விளையாட்டுக்கூடம். கி.மு. 175-ஐ ஒட்டி, யாசோன் என்பவர் அரசனுக்குப் பெரும்பொருள் கொடுத்துத் தலைமைக் குருப் பதவியைப் பெற்றார். ஜெரூசலத்தில் கிரேக்க முறையிலான உடற்பயிற்சிக்கூடமொன்றை அமைத்தார். கிரேக்கர் ஆடையின்றிப் பயிற்சி செய்வது வழக்கம். யூத இளைஞர் சிலர் தம் கத்னாவின் அடையாளத்தை மறைக்க முற்பட்டனர் என்றும், குருக்களே பலிபீடத்தை விட்டுப் பந்தயக் களத்திற்கு விரைந்தனர் என்றும் மக்காபியர் வரலாற்று நூல்கள் வேதனையோடு பதிவு செய்கின்றன.

அதாவது, பக்தியுள்ள யூதரின் பார்வையில் விளையாட்டுக்கூடம் என்பது அந்நியப் பண்பாட்டின் நுழைவாயிலாக இருந்தது. அதனை வெறுத்து வாளேந்திய குடும்பத்தின் பெயரையே இரண்டாயிரமாண்டுகள் கழித்து ஒரு விளையாட்டு இயக்கம் தனக்குச் சூட்டிக்கொண்டது. பழைய மக்காபியரின் சமயப் பற்றை அவ்வியக்கம் எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களின் போர்க்குணத்தையே எடுத்துக்கொண்டது. இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது என்பதைக் காண ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டும்.

மூடப்பட்ட கதவுகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் உடற்பயிற்சிக் கழகங்கள் தேசிய உணர்வின் பயிலரங்குகளாக விளங்கின. நூற்றாண்டின் இறுதியில் இனவெறி தலைதூக்கியபோது, 'ஆரியர்' அல்லாதாருக்கு இடமில்லை என்னும் விதியை வியன்னாவின் முதன்மையான உடற்பயிற்சிக் கழகம் 1887-இல் கொண்டுவந்தது. பிற கழகங்களும் அவ்வழியைப் பின்பற்றின. யூத இளைஞர் வெளியேற்றப்பட்டனர்.

யூதரின் முதல் தனி உடற்பயிற்சிக் கழகம் தோன்றிய இடம் நம் கவனத்திற்குரியது. அது பெர்லினோ வியன்னாவோ அன்று. உஸ்மானியப் பேரரசின் தலைநகராகிய இஸ்தான்பூல். 1895-இல், இரண்டாம் அப்துல் ஹமீது சுல்தானின் ஆட்சிக் காலத்தில், அங்கு வாழ்ந்த ஜெர்மானிய, ஆஸ்திரிய யூதர்கள் அதனை நிறுவினர். அவர்களுக்குக் கதவை அடைத்தவர்கள் துருக்கியர் அல்லர். அந்நகரில் குடியிருந்த ஜெர்மானியரின் கழகத்தாரே. ஐரோப்பாவின் யூத வெறுப்பு முஸ்லிம் தலைநகரில் இருந்த ஐரோப்பியக் குடியிருப்பு வரையிலும் தொடர்ந்து வந்தது. தனிக்கழகம் அமைக்கும் இடத்தையோ அம்முஸ்லிம் தலைநகரமே அளித்தது. 1898-இல் பெர்லினில் 'பார் கோக்பா' கழகமும், 1909-இல் வியன்னாவில் 'ஹகோவா' கழகமும் தோன்றின. ஹகோவா என்றால் ஹீப்ருவில் 'வலிமை' என்று பொருள். அக்கழகம் 1925-இல் ஆஸ்திரியக் கால்பந்துச் சாம்பியன் பட்டத்தையே வென்றது.

ஒதுக்குதலின் கொடுமைக்கு ஒரு சான்று போதும். 1896-இல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் ஜெர்மனிக்கு ஜிம்னாஸ்டிக்ஸில் தங்கம் வென்று தந்த ஆல்ஃபிரட் ஃப்ளாட்டோ, குஸ்டவ் ஃபெலிக்ஸ் ஃப்ளாட்டோ ஆகிய இருவரும் யூதர்கள், ஒன்றுவிட்ட சகோதரர்கள். இருவரும் நாஜிகளின் தெரேசியன்ஷ்டாட் முகாமில் உயிரிழந்தனர். முன்னவர் 1942-இல், பின்னவர் 1945-இல். நாட்டுக்காகப் பெற்ற பதக்கம் அவர்களைக் காக்கவில்லை.

தசைவலிமையின் தத்துவம்

1898-இல் ஸ்விட்சர்லாந்தின் பாஸல் நகரில் இரண்டாவது ஸியோனிச மாநாடு கூடியது. ஹெர்ஸலின் நெருங்கிய தோழரும் மருத்துவரும் எழுத்தாளருமான மாக்ஸ் நோர்டாவ் அதில் ஒரு புதிய முழக்கத்தை முன்வைத்தார். ஜெர்மன் மொழியில் அதற்கு 'முஸ்கெல்யூடென்டும்' என்று பெயர். 'தசைவலிமை பெற்ற யூதம்' எனத் தமிழில் கூறலாம். நெருக்கமான சேரிகளில் ஒடுங்கிக் கிடந்து உடல் மெலிந்த யூதன், மீண்டும் அகன்ற மார்பும் உறுதியான கரமும் உடையவனாக எழ வேண்டும் என்பது அதன் சாரம். 1900-இல் யூத உடற்பயிற்சி இதழில் எழுதிய கட்டுரையிலும் அவர் இதனை வலியுறுத்தினார். ரோமானியரை எதிர்த்துப் போரிட்ட பார் கோக்பாவை முன்மாதிரியாகக் காட்டினார்.

இத்தத்துவத்தில் ஒரு வலியும் ஒரு பலவீனமும் உள்ளன. வலி உண்மையானது, அடிபட்ட சமூகம் தன் உடலைத் தானே காக்க விரும்புவதில் வியப்பில்லை. ஆயின் 'யூதன் மெலிந்தவன், கோழை' என்று பகைவர் தீட்டிய சித்திரத்தை இத்தத்துவம் மறுக்கவில்லை. அச்சித்திரத்தை ஒப்புக்கொண்டு, அதிலிருந்து தப்புவதற்கு வழி தேடியது. பல நூற்றாண்டுகளாகத் தோராவும் தல்மூதும் ஓதிய தம் முன்னோரின் வாழ்வை ஓர் இழிவாகக் காணும் பார்வை அதற்குள் மறைந்திருந்தது. ஒடுக்கப்படும் எந்தச் சமூகமும் சிக்கிக்கொள்ளக்கூடிய கண்ணி இது. நமக்கும் இதில் எச்சரிக்கை உண்டு.

யூதர் அனைவரும் இதனை ஏற்றனர் என்றும் கருதலாகாது. போலந்தில் 'புந்து' என்னும் யூதத் தொழிலாளர் இயக்கம் ஸியோனிசத்தைக் கடுமையாக எதிர்த்தது. அதன் சார்பில் 1926-இல் 'மோர்கன்ஷ்டெர்ன்' என்னும் விளையாட்டு அமைப்பு தோன்றியது. விளையாட வேண்டும், ஆனால் வாழும் நாட்டிலேயே உரிமையோடு வாழ்ந்து விளையாட வேண்டும் என்பது அவர்கள் நிலை. யூதர் வேறு, ஸியோனிசம் வேறு என்பதை விளையாட்டு வரலாறும் உறுதி செய்கிறது. ஸியோனிசச் சார்புடைய கழகங்களோ 1921-இல் கார்ல்ஸ்பாடில் நடந்த மாநாட்டின்போது 'மக்காபி உலக ஒன்றியம்' என ஒருங்கிணைந்தன.

யெகுத்தியேலியின் கனவு

மக்காபியாவின் தந்தை எனக் கருதப்படுபவர் யோசேஃப் யெகுத்தியேலி. 1897-இல் ரஷ்யப் பேரரசில் பிறந்து, சிறுவயதில் உஸ்மானிய ஆட்சியிலிருந்த ஃபலஸ்தீனுக்கு வந்தவர். 1912-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் பற்றிய செய்திகளால் கிளர்ச்சியுற்று, யூதருக்கென ஓர் ஒலிம்பிக் வேண்டும் என்று இளமையிலேயே எண்ணியவர். 1920களின் இறுதியில் அத்திட்டத்தை யூதத் தேசிய நிதியத்தின் முன் வைத்தார். ஃபலஸ்தீன் அப்போது பிரிட்டிஷ் ஆணையராட்சியில் இருந்தது.

அவர் முன்மொழிந்த ஆண்டு 1932. கி.பி. 132-இல் பார் கோக்பா ரோமப் பேரரசன் ஹட்ரியனுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்ததன் 1800-ஆவது ஆண்டு நிறைவு அது. 135-இல் ஒடுக்கப்பட்ட அக்கிளர்ச்சியோடு ஜெரூசலத்தின் பெயரும் மாறியது. ஹட்ரியன் அதனை 'ஏலியா கப்பித்தோலினா' ஆக்கினான். தொடக்ககால அரபு ஆவணங்களிலும் ஹதீஸ்களிலும் நாம் வாசிக்கும் 'ஈலியா' அப்பெயரின் எச்சமே. உமர் (ரலி) அவர்கள் அந்நகருக்கு வழங்கிய உடன்படிக்கையும் ஈலியாவாசிகளை நோக்கியதாகவே வரலாற்றில் இடம்பெற்றுள்ளது.

அழைப்பைப் பரப்ப 1930-லும் 1931-லும் மோட்டார் சைக்கிள் குழுக்கள் டெல் அவீவிலிருந்து ஐரோப்பிய நகரங்களுக்குப் புறப்பட்டன. யர்கோன் ஆற்றங்கரையில் அரங்கமொன்று எழுந்தது. 1932 மார்ச் 28 அன்று முதல் மக்காபியா தொடங்கியது. நகரத் தலைவர் மெயிர் டிஸெங்கோஃப் குதிரை மீதேறி ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கினார். 18 நாடுகளிலிருந்து ஏறத்தாழ 390 வீரர்கள் வந்திருந்தனர். அவர்களுள் எகிப்து, சிரியா ஆகிய அரபு நாடுகளின் யூதர்களும் இருந்தனர். கெய்ரோவிலும் அலெக்ஸாந்திரியாவிலும் அந்நாளில் மக்காபிக் கழகங்கள் இயங்கி வந்தன என்பது இன்று பலருக்கு வியப்பளிக்கும்.

திரும்பிச் செல்லாத வீரர்கள்

இரண்டாவது மக்காபியா 1935 ஏப்ரலில் நடந்தது. அதற்குள் உலகம் மாறியிருந்தது. ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்து ஈராண்டுகள் கடந்திருந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் வந்தனர். ஜெர்மனியிலிருந்தும் பெருங்குழு வந்தது. தொடக்க விழாவில் தம் நாட்டின் நாஜிக் கொடியை ஏந்த அவர்கள் மறுத்தனர்.

போட்டி முடிந்த பின்னர் வந்தவர்களில் பலர் திரும்பிச் செல்லவில்லை. பல்கேரியக் குழு முழுவதும் தங்கிவிட்டது என்றும், கொண்டுவந்த இசைக்கருவிகள் மட்டும் ஊருக்குத் திருப்பியனுப்பப்பட்டன என்றும் மக்காபி வட்டாரங்களில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. விளையாட்டு வீரருக்குரிய அனுமதி, குடியேற்றத்திற்கான வாயிலாயிற்று. பிரிட்டிஷ் ஆட்சியாளர் அஞ்சியதும் இதனையே. அவர்களுடைய தயக்கமும் போர்மேகமும் சேர்ந்து, 1938-இல் நடைபெறவிருந்த மூன்றாம் மக்காபியாவை நடக்கவிடாமற் செய்தன.

இந்நிகழ்ச்சியை இரு கண்களாலும் நோக்க வேண்டும். ஜெர்மனியிலிருந்து வந்த இளைஞன் ஊர் திரும்பியிருந்தால் அவன் கதி என்னவாகியிருக்கும் என்பதை ஃப்ளாட்டோ சகோதரரின் முடிவு காட்டுகிறது. அவன் தங்கியது உயிர்ப்பிழைப்பு. ஆனால் யாஃபாவிலும் ஹைஃபாவிலும் வாழ்ந்த அரபியரின் கண்ணில் அது எவ்வாறு தோன்றியிருக்கும்? 1931 கணக்கெடுப்பின்படி ஃபலஸ்தீனின் மக்கள்தொகை பத்து லட்சத்துக்குச் சற்று மேல். யூதர் ஏறத்தாழ 1,75,000. 1935 என்னும் ஒரே ஆண்டில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர் வந்திறங்கினர். விருந்தினராக வந்தவர் வீட்டுக்காரராகிக் கொண்டிருந்தார். ஐரோப்பா செய்த குற்றத்துக்கு ஃபலஸ்தீன அரபியரிடம் நிலம் கேட்கப்பட்டது. மறு ஆண்டு ஏப்ரலில் அரபுப் பேரெழுச்சி வெடித்தது.

அரசு தோன்றிய பின்

1948-இல் இஸ்ரேல் உருவாயிற்று. ஏறத்தாழ ஏழு லட்சம் ஃபலஸ்தீனர் தம் வீடுவாசல்களை இழந்து அகதிகளாயினர். மூன்றாம் மக்காபியா 1950-இல் ரமத் கன் நகரின் புதிய அரங்கில் நடந்தது. 1932-இல் 'வருக, ஒன்றுகூடுக' என்றிருந்த அழைப்பு, இப்போது 'வந்து உங்கள் அரசைக் காணுங்கள்' என்று மாறியது. 1953, 1957 ஆகிய ஆண்டுகளுக்குப் பின் நான்காண்டுச் சுழற்சி நிலைபெற்றது. 1957-இல் வந்தவர்களுள் ஹங்கேரியின் புகழ்பெற்ற ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை ஆக்னஸ் கெலெட்டியும் ஒருவர். ஒலிம்பிக்கில் பத்துப் பதக்கங்கள் வென்ற அவர், தந்தையை அவுஷ்விட்ஸில் பறிகொடுத்தவர். அவரும் இஸ்ரேலிலேயே தங்கினார்.

அமெரிக்க நீச்சல் வீரர் மார்க் ஸ்பிட்ஸ் 1965-இல், பதினைந்து வயதில், முதன்முதலாகப் பன்னாட்டுப் புகழ் பெற்றது மக்காபியாவில்தான். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அவர் ஏழு தங்கம் வென்றார். ஆனால் எல்லாப் போட்டியாளரும் அத்தரத்தினர் அல்லர். ஒலிம்பிக் வீரரும் பள்ளி மாணவரும் அறுபது வயது கடந்த முதியவரும் ஒரே விழாவில் தத்தம் பிரிவுகளில் கலந்துகொள்கின்றனர். கால்பந்து, நீச்சல் மட்டுமன்றிச் சதுரங்கமும் கிரிக்கெட்டும் உண்டு. இந்தியாவிலிருந்தும் யூத வீரர்கள் சென்று பங்கேற்றுள்ளனர். அமெரிக்கா போன்ற நாடுகளின் வீரர்கள் பயணச் செலவைத் தாமே திரட்டிக்கொண்டு வருகின்றனர். சாதனையை முறியடிப்பது இங்கே முதல் நோக்கமன்று. சிதறி வாழும் இளைஞரை ஒரு நிலத்தோடும் ஒருவரோடொருவரும் பிணைப்பதே முதல் நோக்கம். இப்னு கல்தூன் இதனைக் கண்டிருந்தால் அஸபிய்யாவைத் திட்டமிட்டு வளர்க்கும் ஏற்பாடு என்றே கூறியிருப்பார்.

விழாவின் வரலாற்றில் கறையும் உண்டு. 1997 ஜூலை 14 அன்று தொடக்க விழாவுக்குச் சென்றுகொண்டிருந்த ஆஸ்திரேலியக் குழுவினரின் காலடியில், யர்கோன் ஆற்றின் மீது தற்காலிகமாகக் கட்டப்பட்ட நடைபாலம் இடிந்து வீழ்ந்தது. நால்வர் இறந்தனர், அவர்களுள் மூவரைக் கொன்றது வீழ்ச்சியன்று, மாசடைந்த ஆற்றுநீரால் ஏற்பட்ட தொற்று. பாலம் கட்டியதில் நேர்ந்த கவனக்குறைவுக்காகப் பொறுப்பானவர்கள் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றனர்.

2015-இல் ஐரோப்பிய மக்காபி விளையாட்டுகள் பெர்லினில், 1936-இல் ஹிட்லர் ஒலிம்பிக் நடத்திய அதே வளாகத்தில் நடந்தன. 2022-இல் நடந்த 21-ஆவது மக்காபியாவில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் பங்குகொண்டனர். ஜெரூசலத்தில் நடந்த தொடக்க விழாவில் அன்றைய அமெரிக்க அதிபர் ஜோ பைடன் அமர்ந்திருந்தார். 2025 ஜூலையில் நடைபெறவிருந்த அடுத்த விழா, ஈரானுடன் மூண்ட போரின் காரணமாக 2026-ஆம் ஆண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

வேலிக்கு அப்பால்

இதில் முஸ்லிம்கள் பங்கேற்கலாமா என்பது பலர் கேட்கும் கேள்வி. விதி இது: பிற நாடுகளிலிருந்து யூதர் மட்டும், இஸ்ரேலியக் குடிமக்களாயின் எம்மதத்தவரும். ஆகவே இஸ்ரேலியக் குடியுரிமை பெற்ற உம்முல் ஃபஹ்ம் ஊர் முஸ்லிம் இளைஞர் ஓடலாம். அங்கிருந்து சிறு தொலைவிலுள்ள ஜெனின் நகரத்து முஸ்லிம் இளைஞர் ஓட இயலாது. அதே ஜெனினைச் சூழ்ந்த மேற்குக் கரையில் குடியேறிய யூதர் ஓடலாம். சமயம், குடியுரிமை, நிலம் ஆகிய மூன்றும் அந்நாட்டில் எவ்வாறு பின்னிக் கிடக்கின்றன என்பதை நூறு பக்க அரசியல் நூலைக் காட்டிலும் தெளிவாக இவ்விதி விளக்குகிறது.

விளையாட்டில் 'ஃபலஸ்தீன்' என்னும் பெயரின் பயணமும் அறியத்தக்கது. 1928-இல் தோன்றிய ஃபலஸ்தீனக் கால்பந்துச் சங்கத்தின் அமைப்பாளரும் யெகுத்தியேலியே. 1934 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் எகிப்தை எதிர்த்து 'ஃபலஸ்தீன்' என்னும் பெயரில் ஆடியவர்கள் யூத வீரர்கள். எகிப்து 7-1, 4-1 என இரு ஆட்டங்களிலும் வென்றது. அரபுக் கழகங்கள் 1931-இல் தமக்கெனத் தனிச் சம்மேளனம் அமைத்தன. யாஃபாவில் அரபியர் விளையாடிய பஸ்ஸா மைதானத்தின் இடத்தில் பின்னாளில் ப்ளூம்ஃபீல்ட் அரங்கம் எழுந்தது.

அறுபதாண்டுகளுக்கும் பின்னர், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 'ஃபலஸ்தீன்' என்னும் பெயர் மீண்டும் ஒலித்தது. கொடியேந்தி நடந்தவர் காஸாவைச் சேர்ந்த ஓட்ட வீரர் மாஜித் அபூ மராஹீல். பத்தாயிரம் மீட்டர் ஓட்டத்தில் அவர் பதக்கம் வெல்லவில்லை. ஆயினும் அவர் ஏந்திய கொடியே ஒரு வெற்றி. 2024-இல், போரால் மருத்துவமனைகள் செயலிழந்த காஸாவில், சிறுநீரக நோய்க்கு உரிய சிகிச்சை கிட்டாமல், நுஸைராத் அகதிகள் முகாமில் அவர் இறந்தார். ஃப்ளாட்டோ சகோதரரின் பெயரைப் படித்துக் கலங்கும் நெஞ்சு அபூ மராஹீலின் பெயரைப் படித்தும் கலங்க வேண்டும். ஒன்றுக்குக் கலங்கி மற்றொன்றைக் கடந்து செல்பவர், எப்பக்கத்தவராயினும், நீதியாளராகார்.

நம்மை நோக்கி

முஸ்லிம் உலகமும் பொது விளையாட்டு விழாவொன்றை உருவாக்கியது. இஸ்லாமிய ஒற்றுமை விளையாட்டுகள் 2005-இல் சவூதி அரேபியாவில் தொடங்கின. மக்காபியா மக்களின் அடிப்படையில் கூடுவது. இதுவோ நாடுகளின் அடிப்படையில் கூடுவது. ஆதலால் உறுப்பு நாடுகளின் முஸ்லிமல்லாத குடிமக்களும் இதில் பங்கேற்கலாம். இந்தியா போன்ற நாடுகளில் சிறுபான்மையாக வாழும் கோடிக்கணக்கான முஸ்லிம்களுக்கோ இதில் இடமில்லை. இரண்டாவது விழா ஈரானில் நடைபெறவிருந்தது. பதக்கங்களிலும் விளம்பரங்களிலும் வளைகுடாவை 'பாரசீக வளைகுடா' என்று எழுதுவதா என்ற தகராறில் 2010-இல் அது கைவிடப்பட்டது. 'ஒற்றுமை' என்று பெயரிட்ட விழா ஒரு பெயருக்காகவே நின்றுபோயிற்று. பின்னர் பாலம்பாங், பாகூ, கோன்யா, ரியாத் ஆகிய நகரங்களில் விழா நடந்தேறியது மகிழ்ச்சிக்குரியது.

உடலைப் பேணுவது நமக்குப் பிறரிடமிருந்து வந்த பாடமன்று. நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியதும், ருகானாவோடு மல்யுத்தம் செய்ததும், மதீனாவில் குதிரைப் பந்தயத்திற்கு எல்லைகள் வகுத்ததும், அபிசீனியர் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு நிகழ்த்த அனுமதித்ததும் நபிமொழித் தொகுப்புகளில் உள்ளன. இப்னுல் கய்யிம் 'அல்-ஃபுரூஸிய்யா' என்று தனி நூலே எழுதினார். அங்கே உடற்பயிற்சி யாரோ தீட்டிய இழிந்த சித்திரத்திற்கு மறுமொழியாக எழவில்லை; இறைவன் ஒப்படைத்த அமானிதத்தைப் பேணும் கடமையாகவே நின்றது. நோர்டாவின் தத்துவத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. இருந்தும் நமது மதரஸாக்களில் அஸர் தொழுகைக்குப் பின் பிள்ளைகள் ஓடியாட ஒரு திடல் இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பது நன்று.

நிறைவாக

மாணவர் இருவருக்கும் நான் தந்த விடை இதுதான். மக்காபியா மக்காவோடு தொடர்புடையதன்று. அது இரகசியமும் அன்று. சமயச் சடங்கும் அன்று. ஆனால் வெறும் விளையாட்டும் அன்று. ஐரோப்பா கதவடைத்தபோது ஒரு சமூகம் தனக்கென அமைத்துக்கொண்ட களம் அது. அக்களம் பின்னர் மற்றொரு சமூகத்தின் நிலத்தில் வேலியாக எழுந்ததும் அதே வரலாற்றின் பகுதி. முதற்பாதியை மறைத்துப் பிற்பாதியை மட்டும் சொன்னால் நாம் பொய்யர். பிற்பாதியை மறைத்து முதற்பாதியை மட்டும் சொல்பவரும் அவ்வாறே.

பகைமை கொண்ட கூட்டத்தார் விஷயத்திலும் நீதி தவறலாகாது என்பதை மாயிதா அத்தியாயத்தின் எட்டாம் வசனம் நம்மீது கடமையாக்குகிறது. நீதி செய்வதற்கு முன் அறிதல் வேண்டும். அன்று வகுப்பில் முதலில் கேள்வி கேட்ட மாணவரைப் பார்த்துச் சிரித்தவர்களிடம், கேட்பதற்கு வெட்கப்படாதவரே கற்பார் என்று மட்டும் சொன்னேன். இரண்டாமவரிடம், "இந்தச் செய்தி எங்கிருந்து கிடைத்தது?" என்று கேட்டேன். யாரோ சொன்னார்கள் என்றார். ஹதீஸ் கலையில் இஸ்நாதை ஆராயக் கற்கும் நாம், உலகச் செய்தியை மட்டும் அறிவிப்பாளர் இன்றி ஏற்பது எவ்வாறு பொருந்தும் என்று கேட்டேன். அவர் புன்னகைத்துத் தலை தாழ்த்தினார். மறுநாள் அந்த அரபு நாளிதழை நூலகத்திலிருந்து முதலில் எடுத்துச் சென்றவர் அவரே.

அல்லாஹ் நன்கறிந்தவன்.